அட்டைக் காலத்தில் ஒரு டின் ஒயில்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து அறுபதைத் தாண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், தடையில்லை. ஆனால் மழைக்காலத்தில் தேயிலைக்குள் நடந்து, வீட்டுக்கு வந்து கால்விரல் இடுக்கில் அட்டை தேடியவர்களுக்குத்தான் இதில் பாதி சட்டென்று விளங்கும்.

போன மாதம் என் மருமகன் வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஒயில் மாற்றினார். பழைய ஒயிலை ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிடித்து வைத்துக்கொண்டு, வாசலோரத்து வடிகாலைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"அத்தை, இத எங்க ஊத்துறது? கான்ல ஊத்திறவா?"

"கான்ல ஊத்தாதீங்க. மூடி இருக்கிற கேன்ல ஊத்தி, ஒயில் வாங்கின கராஜ்லயே குடுங்க. பெரல்ல சேத்து அனுப்புவாங்க."

"கொஞ்சத்த வச்சுக்கிட்டா வேலிக்கட்டைக்குப் பூசலாமே?"

"வேணாம். மொதல்ல கையக் கழுவுங்க."

நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு பேசின் ஒயிலுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டாள். அவளுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னேன். முழுதாக இங்கே சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் கொட்டகலைக்கும் வட்டகொடைக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேல்பக்கம் இருந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் டிரைவர். தொழிற்சாலையை நாம் எல்லாரும் ஸ்டோர் என்றுதானே சொல்வோம். கரண்ட் வந்துவிட்ட காலம்தான் அது. ஆனால் மழை பிடித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்விடும். அப்போது கொழுந்து அரைக்கும் ரோலர்கள் நிற்காமல் இருக்கப் பழைய டீசல் இஞ்சினை ஓட்ட வேண்டும். அதன் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். சத்தம் கேட்டால் அம்மா அப்பாவின் சோற்றை மூடி அடுப்போரம் நகர்த்தி வைத்துவிடுவாள்.

அந்த இஞ்சினிலிருந்து மாற்றி எடுக்கும் கறுத்த ஒயிலை அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் வீட்டுக்குக் கொண்டுவருவார். சதுர டின். மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தேநீர் குடிக்கும் படம் இருந்தது. ஒயில் பட்டுப் பட்டு அந்தக் குடும்பத்தில் அம்மாவின் தொப்பி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. திறந்தால் தீக்குச்சியும் இரும்பும் சேர்ந்து கருகியது போல ஒரு வாடை வரும். விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்குள் கொஞ்சம் பச்சை தெரியும்.

அதை எதற்குத்தான் பயன்படுத்தவில்லை? கதவு நிலை உளுக்காமல் இருக்கப் பூசினோம். கூரைத் தகரத்தில் துரு ஏறிய இடங்களுக்குப் பூசினோம். ஈர விறகு பிடிக்காத நாளில் ஒரு துணித்துண்டை நனைத்து அடுப்புக்குள் போட்டோம். சோறெல்லாம் புகை வாடை அடிக்கும், அதையும் தின்றோம். பக்கத்து வீட்டு நாய்க்குச் சொறி வந்தபோது உடம்பு முழுக்கப் பூசிவிட்டார்கள். அது தன்னையே நக்கி நக்கி வாந்தி எடுத்தது. சொறி போனதா என்று நினைவில்லை. ஒயில் கெட்டியாக இருந்தால் அப்பா கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இளக்கித் தருவார். அது தோலில் படக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது புது ஒயில் போத்தலிலேயே எழுதி வருகிறது. அப்போது எங்களுக்கு அந்த டின்தான் வந்தது.

அந்த வருடம் ஆனியும் ஆடியும் மழை விடவே இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு. பாடசாலைக்கு ஒன்றரை மைல், அதில் முக்கால்வாசி தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை. அட்டைகள் புல் நுனியில் எழுந்து நின்றுகொண்டு இப்படியும் அப்படியும் ஆடும். ஏறும்போதும் தெரியாது, கடிக்கும்போதும் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்த பிறகு செருப்புக்குள் வழுக்கும். குனிந்து பார்த்தால் இரத்தம். காய்ந்த காலில் சவுக்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போவதுதான் எல்லாரும் செய்வது. நல்ல மழையில் முதல் வளைவு தாண்டும் முன்னே அது கரைந்துவிடும்.

ஒருநாள் காலையில் அப்பா என் கால்களைப் பார்த்தார். முதல்நாள் கடித்த இடங்களைச் சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தேன்.

"இங்க வா பாப்பா. இந்த மழைக்குச் சவுக்காரம் நிக்காது."

பிஸ்கட் டின்னைத் திறந்து, பழைய துணியில் ஒயிலைத் தொட்டு, முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பூசிவிட்டார். குளிர்ச்சியாக இருந்தது, புண்ணில் பட்ட இடம் மட்டும் எரிந்தது. அன்று என் காலில் ஒரு அட்டை கூட ஏறவில்லை. வழியில் நின்று நின்று பார்த்தேன். செருப்பு மேல் ஏறிய ஒன்று தோலைத் தொட்டதும் சுருண்டு விழுந்தது. எனக்கு ராணி மாதிரி இருந்தது.

வகுப்புக்குள் போனதும் அது முடிந்தது. டீச்சர் மூக்கை மூடிக்கொண்டார்.

"யாரு இது? லொறிக்கு அடியில படுத்துட்டு வந்தது யாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக் கவுனின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. அன்று முழுக்கக் கடைசி வாங்கில் தனியாக உட்கார்ந்தேன். அம்மா அந்தக் கவுனை மண்ணெண்ணெயில் நனைத்து, பிறகு சவுக்காரம் போட்டுக் கசக்கினாள். கோடு மங்கியது, போகவில்லை. இருந்தாலும் நான் மறுநாளும் பூசிக்கொண்டுதான் போனேன். இரண்டு கிழமையில் முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னதாகக் கறுத்த முனையோடு கொப்புளங்கள் வந்தன. டிஸ்பென்சரி ஐயா என்ன பூசுகிறாய் என்று கேட்டதற்குத் தேங்காயெண்ணெய் என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார்.

முதல் நாட்களில் அட்டை ஏறாத என் காலைப் பார்த்து அம்மாவும் பூசிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். அவள் கொழுந்து பறிப்பவள். இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை. செடிகளுக்கு நடுவில் நிற்கிற பெண்ணின் காலுக்கு அட்டை எங்கிருந்தெல்லாம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும். அட்டையைப் பிடுங்க நின்றால் நிரை பிந்திவிடும். அதனால் பெண்கள் கடிக்க விட்டுவிட்டுப் பறிப்பார்கள்.

முதலில் கவனித்தவர் லயத்தில் எங்களுக்குப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மா.

"என்னா, ஒன் கால்ல மட்டும் ஒண்ணையும் காணோம்? மந்திரிச்சுக் கட்டிக்கிட்டியா?"

அம்மா சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் பெரியம்மா ஒரு சிரட்டையோடு வந்து நின்றார். அதற்கடுத்த நாள் இன்னும் மூன்று பேர். ஒரு கிழமைக்குள் அம்மாவின் கொழுந்துக் கேங்கில் இருபது பேருக்குக் குறையாமல் கறுத்த காலோடு தேயிலை மலைக்குப் போனார்கள். அப்பா ஸ்டோருக்குப் போன பிறகு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பெண்கள் போகும் முன், எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் சிரட்டைகள் வரிசையாக இருக்கும். நான்தான் கரண்டியால் ஊற்றுவேன். அம்மா அதுவரைக்கும் கேங்கில் அதிகம் பேசாத ஆள். அந்த நாட்களில் அவளுடைய நடையே கொஞ்சம் மாறியிருந்தது. அட்டைக்கு நிற்காமல் பறித்ததால் கொழுந்தும் கூடியது. கணக்குப்பிள்ளை எதற்கென்று தெரியாமலே பாராட்டினார்.

டின் சீக்கிரம் தீர்ந்தது. அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"கதவு நெலைக்கு இன்னொரு தடவ பூசணும்ங்க. கூரைக்கும் வேணும். மண்ணெண்ண கலந்தே கொண்டாங்க."

அப்பா கொண்டுவந்தார். அம்மா ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நான் பிறகு யோசித்திருக்கிறேன். இருபது பேருக்கென்றால் அவர் தரமாட்டார் என்று நினைத்திருப்பாள்.

நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று இருந்தது. காலில் பூசுவது கையால்தானே. துணியில் துடைத்துவிட்டு அதே கையால் கொழுந்து பறித்தார்கள். மழையில் காலிலிருந்து படங்குக்கு ஏறியது. படங்கிலிருந்து கூடைக்கு. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். வீட்டிலே சவுக்காரத்துக்குப் பக்கத்தில் தூளை வைத்தவர்களுக்கு அது தெரியும்.

ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயாதான் எல்லாம். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால் வெளியே அனுப்பிவிடுவார். ஒருநாள் காலை ருசி பார்க்க முதல்நாள் தேயிலையை ஊற்றி வாயில் வைத்தவர் அப்படியே துப்பினார். அடுத்த கிண்ணத்தையும் துப்பினார். மறுநாளும் அதே வாடை, அதற்கடுத்த நாளும் அதே. மூன்று நாள் தேயிலையையும் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக இஞ்சின் அறைக்கு வந்தார்.

"மோந்து பாரு. என்னா இது?"

அப்பா வாங்கி முகர்ந்தார். பிறகு ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"ஒயில் வாடைங்க ஐயா."

"எங்கேருந்து வருது?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "இஞ்சின்ல ஒரு கசிவு இருக்குங்க ஐயா. இன்னைக்கே பாத்துர்றேன்."

டீமேக்கருக்கு அது போதுமாக இருந்தது. இஞ்சின் அறையில் பழைய ஒயில் பெரல் ஒன்று நின்றது. கொழுந்து வந்து இறங்கும் வாசலுக்கும் அதற்கும் பத்தடி தூரம்தான். பெரலை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொன்னார். ஒரு ஆள், பின்னால் ஓடும் ஆற்றில் கொட்டிவிடலாம் என்றானாம். கீழ் லயத்துக்காரர்கள் குளிப்பதும் குடிப்பதும் அந்த ஆற்றில் என்று அப்பா விடவில்லை. தரையில் சிந்தியிருந்த ஒயில் மேல் கழிவுத் தேயிலையை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். தேயிலை அதைக் குடித்துக் கறுத்ததும் சவளால் வாரிச் சாக்கில் கட்டினார். பெரலின் மூடியை இறுக்கி, நாலு பேரைப் பிடித்துத் தோட்டத்து லொறியில் ஏற்றி, டவுனில் ஒரு கராஜுக்கு அனுப்பினார். இன்றைக்கு நான் மருமகனிடம் சொன்ன வழி அவர் அன்று செய்ததுதான்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, தோட்டத்தை நடத்தும் துரை விசாரிக்கும் வரைக்கும் நீ உள்ளே வர வேண்டாம் என்று டீமேக்கர் சொல்லிவிட்டார். அப்பா பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்து எனக்குப் பழக்கமே இல்லை. சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டாள். முகம் கழுவப் போகிறவள் மாதிரி வெளியே போய்ப் பெரியம்மா காம்பராவுக்குள் நுழைந்தாள். திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாளையிலேருந்து யாரு சிரட்டையோட வந்தாலும் இல்லைன்னு சொல்லிரு. ஒங்கப்பாவுக்குத் தெரியக்கூடாது."

இருபது பேரும் அன்றைக்கே சாம்பலும் சவுக்காரமும் போட்டுக் காலைத் தேய்த்தார்கள். படங்குகளை ஊறப்போட்டுத் துவைத்தார்கள். நான் டின்னை வீட்டுக்குப் பின்னால் விறகுக்குக் கீழே மறைத்து வைத்தேன்.

அம்மா நினைத்தது, வாடை நின்றால் பேச்சும் நின்றுவிடும் என்று. வாடை நின்றது. மறுநாள் தேயிலை சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த நாள்தான் அப்பா இஞ்சின் அறையில் இல்லாத முதல் நாள். கணக்குப்பிள்ளை பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பாத்தீங்களா, ஆள வெளியில போட்டதும் வாடையும் போயிருச்சு."

அதாவது அப்பாவைக் காப்பாற்ற அம்மா செய்த காரியமே அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. சனிக்கிழமை துரை விசாரிப்பார், இஞ்சினுக்கு வேறு ஆள் போடுவார்கள், அப்பாவை மண்வெட்டி வேலைக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு வந்தது. அப்பா பதினாறு வருடம் அந்த இஞ்சினோடு இருந்தவர். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று வீட்டிலிருந்தே காது கொடுத்துச் சொல்லுவார். இப்போது கரண்ட் போனதும் வேறு யாரோ அதைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

வியாழக்கிழமை நான் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கேங்கில் உள்ள பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"நம்ம போயிச் சொல்லிருவோம். நம்ம கால்ல பூசுனதுன்னு சொன்னா அவர விட்டுருவாங்க."

பெரியம்மாதான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ சொல்றது சரிதான். ஆனா ஒரு ஆம்பளைக்கு இந்த வேல போனா வேற வேல குடுப்பாங்க. மூணு நாள் தேயிலையக் கெடுத்தது நம்மன்னு தெரிஞ்சா இருவது பேரையும் வேலையவிட்டு நிப்பாட்டுவாங்க. எங்க வீட்ல நான் ஒருத்திதான் வேல செய்றேன். ஒனக்குத் தெரியாததா?"

"அவரு ஒரு தப்பும் பண்ணலயே பெரியக்கா."

"நம்மளும் வேணும்னு பண்ணலயே."

அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை என்னிடம் கொடுத்தாள். "சரி. ஒங்க பேரு எதையும் நான் சொல்லமாட்டேன்," என்றாள். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கங்காணி எழுந்திரிக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னிடம் டின்னைக் கேட்டாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதை ஒரு போத்தலில் ஊற்றி மடியில் செருகிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அன்று பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் மலைக்கு ஓடினேன். அம்மா நிரையின் கடைசியில் நின்றாள். கால் இரண்டும் கறுப்பு, முழங்கை வரைக்கும் கறுப்பு. அந்தக் கையாலேயே பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நிரைப் பெண்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டார்கள்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாரும் வரிசையில் நின்றபோது, அம்மா வரிசைக்கு வரவில்லை. கூடையோடு மடுவத்தைத் தாண்டி ஸ்டோர் பக்கம் நடந்தாள். கணக்குப்பிள்ளை பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏ, எங்க போற? நிறுத்துட்டுப் போ!"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் பின்னால் போனேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஸ்டோருக்குள் போவது வழக்கமில்லை. வாசலில் நின்ற காவல்காரர் தடுப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே சூடாகவும், கொழுந்து வாடும் மணமாகவும் இருந்தது. டீமேக்கர் ஐயா மேசையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா கூடையை அவர் முன்னால் இறக்கி வைத்தாள்.

"இத மோந்து பாருங்க ஐயா."

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் கைகளைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இது யாரு செஞ்ச வேல?"

"நான்தாங்க. அட்டைக்குக் கால்ல பூசுனேன். அது கொழுந்துல படும்னு நெனைக்கல. இஞ்சின்ல ஒண்ணும் இல்லீங்க."

"ஒயில் எங்கேருந்து வந்துச்சு?"

"கதவு நெலைக்குன்னு சொல்லி வாங்குனேன். எங்க வீட்ல அவருக்கு இது தெரியாது."

"வேற யாரெல்லாம் பூசுனாங்க?"

"நான் மட்டுந்தாங்க."

டீமேக்கர் கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "ஒரு ஆளு பறிக்கிற கொழுந்து மூணு நாள் தேயிலையக் கெடுக்குமா? நான் எத்தன வருசமா இந்த வேல பாக்குறேன்னு நெனைக்கிற?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. எனக்குக் கொழுந்து பறிக்கத்தான் தெரியும்."

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார், என் கால் கொப்புளங்களையும் பார்த்தார். இன்னொரு தடவை கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. "கூடையத் தூக்கிக்கிட்டு வெளியில போ. அந்தக் கொழுந்த ஸ்டோருக்குள்ள வைக்காத," என்று மட்டும் சொன்னார். அவர் நினைத்திருந்தால் மடுவத்துக்கு வந்து ஒவ்வொரு காலாகப் பார்த்திருக்கலாம். கறை அப்போதும் முழுக்கப் போயிருக்கவில்லை. அதைச் செய்யாமல் விட்டதற்காக அந்த மனிதரை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

சனிக்கிழமை விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. அப்பாவைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு இரண்டு கிழமை வேலை இல்லை. அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் கொழுந்துக்குப் பதிலாகப் புல்லு வெட்டும் வேலை. உடம்பில் ஒயில் பூசிக்கொண்டு யாரும் மலைக்கு வரக்கூடாது என்று பெரட்டில் சொன்னார்கள். கேங்குக்குக் கொஞ்ச நாள் சவுக்காரக் கட்டி கொடுத்தார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

நானும்தான் பூசினேன் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அம்மா அதை எதிர்பார்க்கவும் இல்லை. பெரியம்மா ஒரு மாதத்துக்கு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார். ஒருநாள் விறகுக் கட்டு ஒன்றை எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். அம்மா அதை எடுத்து அடுக்கினாள். அவர்களுக்குள் அதுதான் பேச்சு.

எனக்கு அந்தக் காலத்தில் மறக்க முடியாதது இது எதுவும் இல்லை. விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம்தான். அம்மா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் நாலு நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்திருந்தது.

"நீ போயிச் சொல்லியிருக்க வேணாம்," என்றார்.

"சொல்லாம? நீங்க மண்வெட்டி தூக்கிக்கிட்டுப் போறத நான் பாத்துக்கிட்டு இருக்கவா? ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வாடை எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாம நீங்க பாட்டுக்கு கசிவு கிசிவுன்னு சொல்லிட்டு வந்தீங்க."

அப்பா சிரித்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும்."

அம்மா ரொட்டியைத் திருப்பாமல் அவரைப் பார்த்தாள்.

"டீமேக்கர் ஐயா கிண்ணத்தக் குடுத்ததுமே தெரிஞ்சிருச்சு. அதுல மண்ணெண்ண வாடையும் இருந்துச்சு. ஸ்டோர்ல இருக்கிற ஒயில்ல மண்ணெண்ண ஏது? நான் வீட்டுக்குக் கலந்து கொண்டாந்ததுலதான் இருக்கும். கதவு நெலையும் பாத்தேன், நீ புதுசா ஒண்ணும் பூசல. ஒன்னையச் சொன்னா கேங்கு மொத்தமும் மாட்டும். அதான் கசிவுன்னு சொன்னேன்."

அவர் அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். தன் பெண்டாட்டிக்காகவும் இருபது பேருக்காகவும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். அம்மா கண் கலங்குவாள், ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா ரொட்டிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"தெரிஞ்சிருந்தா ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்னா ஆகப்போவுது?"

"நாலு நாளா நான் செத்துக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இந்தப் புள்ளையையும் சேத்து பொய் சொல்ல வச்சேன். நீங்க எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு இங்க உக்காந்து பிடி செதுக்கிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேரும் ஒரே காம்பராவுல இருக்கோம். ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னைக்கே ரெண்டு பேரும் சேந்து ஒரு வழி பாத்திருக்கலாம்ல?"

அம்மாவும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். அது நியாயமாகவும் இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அம்மா அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், அவர் எடுத்துச் சாப்பிடுவார். நடுவில் நான் தகவல் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். அப்பா அம்மாவைக் காப்பாற்றப் பார்த்ததற்கு அம்மாவுக்கே ஏன் கோபம் என்று அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கும் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் என் நல்லதுக்கென்று சில விஷயங்களை என்னிடம் மறைத்த பிறகுதான் பிடிபட்டது.

அந்த மழைக்காலத்துக்கு ஏழெட்டு வருடம் கழித்து, அக்கரபத்தனை பக்கம் ஒரு பெரிய ஸ்டோருக்கு அப்பாவை இஞ்சின் பகுதிக்குத் தலைமையாகக் கூப்பிட்டார்கள். நல்ல வீடும் தருவதாகச் சொன்னார்கள். துரை பங்களாவுக்கே அழைத்து விஷயத்தைச் சொல்லி, உடனே பதில் வேண்டும் என்றாராம். கூட நின்ற டீமேக்கரும் கிளார்க்கும் அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாராம்:

"வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

துரை சிரித்துவிட்டாராம். அது தோட்டம் முழுக்கப் பரவி, அப்பா ஓய்வு பெறும் வரைக்கும் ஸ்டோரில் எல்லாரும் அதைச் சொல்லியே கேலி செய்தார்கள். அப்பாவுக்கு ரோஷம் வரவில்லை. அன்று மழையில் நனைந்தபடி மலையேறி, அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நிரைக்கே போய்க் கேட்டார். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.